அறுப்பின் பண்டிகையில் சொன்ன சாட்சி

இடது பக்க வயிற்றில் ஒரு பையை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பையில் என்ன இருக்கிறது என்று போகப்போக நானே சொல்லிவிடுவேன். எனக்கு வந்தது இன்னொருவருக்கு வந்தால், அவர் என்னைப் போல ஓமத் தண்ணீரையும் சோடாவையும் குடித்துக்கொண்டு நல்ல நேரத்தை வீணாக்கக் கூடாது என்பதற்காகத்தான் எழுத ஆரம்பித்தேன். அதற்காக மட்டும்தான் என்று சொன்னால் பொய். மருத்துவமனையில் பட்டதைவிட, அங்கிருந்து பிழைத்து வந்த பிறகு நான் செய்த காரியம்தான் என்னை உட்கார வைத்து எழுதச் சொல்கிறது.

போடி கடைவீதியில் எனக்கு ஒரு கடை. தார்ப்பாய், மழைக்கோட்டு, குடை, கம்பளி. மலைக்குமேல் ஏலக்காய்த் தோட்டங்களில் வேலை செய்கிறவர்கள் மழை இறங்கும் முன் என்னிடம் வந்துதான் ஆக வேண்டும். அந்த மாதத்தில் சாப்பிட நேரம் இருக்காது, கல்லாவை விட்டு எழுந்து கழிப்பறைக்குப் போகவும் மனசு வராது. வாலிபத்திலிருந்தே அடக்கி அடக்கிப் பழகிய உடம்பு. மலச்சிக்கலை ஒரு நோயாகவே நான் நினைத்ததில்லை, வியாபாரிக்கு அது கூடப் பிறந்தது என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வேன்.

இந்த வருடம் அதே மாதத்தில், வைகாசியில், வயிறு உப்பிக்கொண்டது. முதலில் வாயு என்றேன். பிறகு நேற்றுச் சாப்பிட்ட பரோட்டா என்றேன். வயிறு தார்ப்பாய்க் கட்டுபோல விறைத்து, வாந்தியும் வந்த பிறகு, என் மனைவி லில்லி கடைக்கே வந்து ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டாள்.

"இது வாயு இல்லங்க. காலைலருந்து காத்துகூடப் பிரியலைங்கிறீக. எந்திரிங்க, போவோம்" என்றாள். கடைப் பையன்கள் முன்னால் இப்படிப் பேசுகிறாளே என்று எனக்குக் கோபம்தான் வந்தது. அவள் அன்று ஷட்டரை இறக்கியிருக்காவிட்டால் இதை எழுத ஆள் இருந்திருக்காது.

போடியில் எக்ஸ்ரே எடுத்த டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, உட்காரக்கூடச் சொல்லாமல் தேனிக்கு அனுப்பினார். தேனியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள். வளையம்போன்ற ஒரு மெஷினுக்குள் ஆளைப் படுக்கவைத்து உள்ளே வெளியே இழுக்கிறார்கள். வலிக்காது, ஆனால் அந்த வளையத்துக்குள் போகும்போது செய்த பாவமெல்லாம் வரிசையாக ஞாபகம் வரும்.

குடல் முறுக்கிக்கொண்டது என்றார் டாக்டர். பெருங்குடலின் கடைசிப் பகுதி நீளமாகத் தொங்கிப்போய், தன்னைத்தானே சுற்றிக்கொண்டுவிட்டதாம். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாய் மடங்கினால் தண்ணீர் நின்றுவிடுகிறதில்லையா, அதுபோல எல்லாம் நின்றுவிட்டது. சீக்கிரமே வந்திருந்தால் கீழேயிருந்து ஒரு குழாயை விட்டு முறுக்கை எடுத்துவிட்டுப் பார்க்கலாம். எனக்கு ரத்த ஓட்டமும் நின்று அந்தத் துண்டு கறுத்துவிட்டது. அதை வெட்டி எடுக்க வேண்டும், இப்போதே.

வெட்டிய இரண்டு முனைகளையும் உடனே சேர்த்துத் தைத்தால் பிய்ந்துவிடும் ஆபத்து உண்டு. அதனால் மேல் முனையை வயிற்றின் தோல் வழியாக வெளியே கொண்டுவந்து தைத்துவிடுகிறார்கள். அதற்குக் கொலாஸ்டமி என்று பெயர். மலம் அதன் வழியாகத்தான் வரும். அதன்மேல் ஒட்டும் பைதான் நான் முதல் வரியில் சொன்ன பை. சில மாதம் கழித்து இன்னொரு ஆபரேஷன் செய்து குடலைச் சேர்த்துவிட்டால் பழையபடி ஆகிவிடலாம். அந்த இரண்டாவது ஆபரேஷனுக்குத்தான் இப்போது காத்திருக்கிறேன்.

ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று லில்லிதான் கையெழுத்துப் போட்டாள். மகன் கோயம்புத்தூரிலிருந்து வந்து சேர்வதற்குள் என்னை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். பின்னால் கேள்விப்பட்டேன், அவன் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நின்றபடியே இன்சூரன்ஸ்காரர்களோடு போனில் மல்லுக்கட்டினானாம். பில் வந்தபோதெல்லாம் அதை என் கண்ணில் படாமல் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்வான். எனக்குச் சவரம் செய்துவிடுவான். சின்ன வயதில் அவனுக்கு முடி வெட்ட உட்காரவைத்தால் நான் தலையில் குட்டுவேன். அவன் என் தாடையை அவ்வளவு மெதுவாகப் பிடித்துத் திருப்பினான்.

ஐசியுவிலிருந்து தனி அறைக்கு மாற்றினார்கள். மூக்கில் ஒரு குழாய். இரைப்பையில் சேருவதை வெளியே எடுக்கிற குழாய் அது. பேசினால் தொண்டையில் உரசும், தண்ணீர் குடிக்க விடமாட்டார்கள். ஆபரேஷன் செய்தால் குடல் சில நாள் தூங்கிப்போகும் என்றார்கள். அது விழித்துக்கொள்ள வேண்டும். டாக்டர் வருவார், பையைப் பார்ப்பார், போய்விடுவார். சிஸ்டர்கள் வருவார்கள், பையைப் பார்ப்பார்கள். லில்லி ஜெபம் பண்ணிவிட்டுக் கண்ணைத் திறந்ததும் பையைத்தான் பார்ப்பாள். சபைக் கமிட்டியில் இருக்கிற ஒருத்தன், கடைவீதியில் நாலு பேர் வணக்கம் சொல்கிற ஒருத்தன், தன் மலம் எப்போது வரும் என்று ஊரே காத்திருக்கப் படுத்துக் கிடந்தேன்.

அந்த அறையைப் பெருக்கித் துடைத்து, வாளி எடுக்க ஓர் அம்மா வருவார். மற்றவர்கள்போல நானும் ஆயாம்மா என்றேன், இத்தனைக்கும் என்னைவிடச் சின்னவர். கழுத்தில் தொங்கிய அட்டையில் பேச்சியம்மாள் என்று இருந்தது. எந்நேரமும் மாஸ்க் போட்டிருப்பதால் கண் மட்டும்தான் தெரியும். கதவைத் திறக்கும் முன் வெளியே நின்று லேசாக இருமுவார், உள்ளே இருப்பவன் துணியைச் சரிசெய்துகொள்ளட்டும் என்று. கட்டிலிலிருந்து காலை இறக்கினால் நேராக நுழைகிற மாதிரி என் செருப்பைத் திருப்பிவைத்துவிட்டுப் போவார். இதையெல்லாம் நான் அப்போது கவனித்தேன் என்று நினைக்க வேண்டாம். இப்போது யோசித்துப் பார்க்கும்போதுதான் தெரிகிறது. அப்போது நான் அவரிடம் பேசியது, "ஏம்மா, இங்க வா", "ஏம்மா, இதை எடு" இவ்வளவுதான். அவர் என்னை நீங்க என்பார், நான் அவரை நீ என்பேன். அதில் ஒரு வித்தியாசமும் எனக்குப் படவில்லை.

ஒருநாள் காலையில் குடல் விழித்துக்கொண்டது. லில்லி மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள், மகன் சாப்பிடப் போயிருந்தான். பையின் ஓரம் விட்டுப்போயிற்று. வயிறு, வேட்டி, விரிப்பு, எல்லாம் ஆயிற்று. நாற்றத்தைப் பற்றி எழுத மாட்டேன். மணியை அழுத்தினேன். சிஸ்டர் வரவில்லை, அந்த அம்மாதான் வந்தார். வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு வாசல் பக்கம் திரும்பினார். அதே நேரத்தில் வராந்தாவில் எனக்குப் பழக்கமான குரல்கள். எங்கள் சபைச் செயலரும் பொருளாளரும் இன்னும் இரண்டு பேரும், வெள்ளைச் சட்டையும் ஹார்லிக்ஸ் பாட்டிலுமாக லிப்டிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார்கள்.

என் வாழ்க்கையில் அந்த ஒரு நிமிடத்தில்தான் செத்துப்போனால் தேவலை என்று உண்மையாகவே நினைத்தேன்.

அவர் வெளியே போய்க் கதவைச் சாத்தினார். "டிரெஸ்ஸிங் நடக்குது சார், சிஸ்டர் உள்ள இருக்காக. செத்த அங்கன உக்காருங்க" என்று சொல்வது கேட்டது. உள்ளே எந்த சிஸ்டரும் இல்லை. திரும்பி வந்து தாழ்ப்பாள் போட்டார். என்னைப் புரட்டினார், துடைத்தார், விரிப்பை உருவிச் சுருட்டினார், புதுப் பை ஒட்டினார், ஜன்னலைத் திறந்தார். நான் சிறுபிள்ளைபோல அழுதேன். என்ன பிழைப்பு இது என்று ஏதோ சொன்னேன்.

"இது வரணும்னுதானய்யா அம்புட்டுப் பேரும் காத்துக் கெடந்தாக. வந்துருச்சுன்னு சந்தோசப்படுங்க" என்றார்.

பிறகு மாஸ்க்கை மூக்குக்கு மேல் இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டு, வாளியோடு, தலையைக் குனிந்து, அவர்களைத் தாண்டிச் சுவரோரமாகப் போனார். நால்வரும் உள்ளே வந்தார்கள். ஜெபித்தார்கள். பொருளாளர் அறையைச் சுற்றிப் பார்த்து, நிர்வாகம் எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறது என்று பாராட்டினார். அவர்கள் போகிறவரை அந்த அம்மா இந்தப் பக்கமே வரவில்லை. பெரிய மனிதர்களைக் கண்டால் கூச்சம் போலிருக்கிறது என்று நினைத்தேன். இரண்டொரு நாள் கழித்துக் குருவானவர் வந்தபோதும் அப்படித்தான் ஒதுங்கினார். அப்போது, ஜெபம் என்றால் இந்த அம்மாவுக்கு ஆகாது போலும் என்று நினைத்தேன்.

ஆகவே எனக்குள் இருந்த சுவிசேஷகன் எழுந்துவிட்டான். கடையில் நான் கட்டிக்கொடுக்கிற ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒரு கைப்பிரதி வைப்பது வழக்கம், ஒரே ஒரு தாளில் அச்சடித்த சுவிசேஷச் செய்தி. லில்லி அதில் ஒரு கட்டை மருத்துவமனைக்கும் கொண்டுவந்திருந்தாள். அந்த அம்மா தரை துடைக்க வந்தபோது கூப்பிட்டு, ஒன்றை எடுத்து நீட்டினேன்.

"இயேசு உன்னை நேசிக்கிறாரு. தெரியுமாம்மா?" என்று கேட்டேன்.

"தெரியும்யா" என்றார். வாங்கினார், மடித்தார், உடுப்பின் பையில் வைத்துக்கொண்டு மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். என்னைப் பார்க்க வந்த எல்லோரிடமும், நோய்ப் படுக்கையிலும் ஒரு ஆத்துமாவுக்கு விதை போட்டதைச் சொன்னேன். அவர்களும் ஸ்தோத்திரம் என்றார்கள்.

வீட்டுக்குப் போகிற அன்று டாக்டருக்கு ஏலக்காய் மாலையும் சால்வையும் போட்டோம். போடிக்காரர்களுக்கு அது ஒரு பெருமை. சிஸ்டர்களுக்கு இனிப்புப் பெட்டி. அந்த அம்மாவுக்கு அன்று வேறு ஷிப்ட். எங்கே என்று நான் கேட்கவும் இல்லை.

இனிச் சொல்வதுதான் கஷ்டம்.

எங்கள் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஆராதனை. விடியலில் ஒன்று, வெயில் ஏறிய பிறகு ஒன்று. கடைவீதிக் குடும்பங்கள் எல்லாம் இரண்டாவதற்குத்தான் போவோம். உடம்பு தேறி முதல்முறை கோயிலுக்குப் போகும்போது எனக்குப் பயம். இந்தப் பை தன் இஷ்டத்துக்குச் சத்தம் போடும். அதுவும் எல்லோரும் கண்ணை மூடி மௌனமாக இருக்கும்போதுதான் போடும். கூட்டம் குறைவாக இருக்கும் என்று முதல் ஆராதனைக்குப் போய்ப் பின் வரிசையில் உட்கார்ந்தேன். எனக்கு இரண்டு வரிசை முன்னால் ஒரு அம்மா, வெள்ளைச் சேலை, பக்கத்தில் கல்லூரிக்குப் போகிற வயதில் ஒரு மகள். பாட்டுப் புத்தகத்தைத் திறக்காமலேயே எல்லாச் சரணமும் பாடினார். நற்கருணை அப்பம் வாங்க எழுந்து திரும்பும்போது கண்ணைப் பார்த்தேன். மாஸ்க்குக்கு மேல் நான் பார்த்த அதே கண்.

ஆராதனை முடிந்து செருப்பு விடுகிற இடத்தில் பிடித்தேன். பேர் ராகேல் என்றார். பேச்சியம்மாள் என்பது பள்ளிக்கூடத்தில் கொடுத்த பேர், ரேஷன் கார்டில் இருக்கிற பேர். ஞானஸ்நானப் பேர் வேறு, சான்றிதழில் பேர் வேறு என்று எங்கள் சபையில் எத்தனையோ பேர் உண்டு. கமிட்டிக்காரனான எனக்கு அது தெரியாத விஷயமில்லை. கழுத்து அட்டையைப் பார்த்ததும் ஏனோ அது ஞாபகம் வரவில்லை.

என்னை முன்னமே தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியாம இருக்குமாய்யா? வருசா வருசம் அசனத்துல நீங்க சோத்து வாளி தூக்குவீக, நான் பாயச வாளி. ஒங்களுக்குப் பின்னாடியே தான வருவேன்."

அசனம் என்பது, விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகையன்று சபை முழுவதும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. அதில் நான் பரிமாறுவதை ஒரு தாழ்மையாக நினைத்துப் பெருமைப்படுகிறவன். இத்தனை வருடமும் இலையைப் பார்த்துச் சோறு போட்டேன், என் பின்னால் யார் வருகிறார் என்று ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியிலேயே சொல்லியிருக்கலாமே என்றேன்.

"நம்ம கோயில்காரின்னு தெரிஞ்சா கூசிப் போவீகய்யா. தொட விடமாட்டீக. தெரியாதவளா இருந்தா, எங்கள மாதிரி ஆளுக முன்னாடி படுத்திருக்கிறவுகளுக்குக் கூச்சம் வராதுல்ல" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். கைப்பிரதியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்தான் அங்கே நின்று, இயேசுவைத் தெரியுமா என்று நான் கேட்டதையும் அவர் தெரியும்யா என்றதையும் நினைத்துக்கொண்டேன்.

இதோடு வெட்கப்பட்டு நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் வெட்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்குத் தெரியவில்லை. எப்படியாவது அதைச் சரிக்கட்டி, நல்லவனாகிவிட வேண்டும். அறுப்பின் பண்டிகை வந்தது. அன்று இரண்டு ஆராதனையும் ஒன்றாக நடக்கும். பந்தலில் கரும்பும் வாழைத்தாரும் கட்டியிருப்பார்கள், கோயில் நிரம்பி வழியும். நோயிலிருந்து எழுந்தவர்கள் முன்னால் வந்து சாட்சி சொல்வது வழக்கம். வழக்கமாக டாக்டருக்கு நன்றி, குருவானவருக்கு நன்றி, ஜெபித்த எல்லோருக்கும் நன்றி. நான் வேறு மாதிரி சொல்வது என்று முடிவு செய்தேன். ஆண்டவர் சீடர்களின் கால்களைக் கழுவியதில் ஆரம்பிப்பதாக எண்ணம். லில்லியிடம் பேசிக்காட்டினேன்.

"அந்தம்மாட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டீகளா?" என்றாள்.

நன்றி சொல்வதற்கு யாராவது அனுமதி கேட்பார்களா என்றேன்.

நன்றாகவே பேசினேன். என் குரல் எனக்கே பிடித்திருந்தது. பை விட்டுப்போன அந்தக் காலையைச் சொன்னேன். என் அசிங்கத்தைச் சொல்கிறோம் என்ற தைரியம் வேறு. என் மலத்தை முகம் சுளிக்காமல் கையால் அள்ளியவர், தினமும் வாளியும் துடைப்பமுமாகக் கழிப்பறை கழுவுகிறவர், இதே சபையில் நம் நடுவே இருக்கிறார், அவரைத்தான் நான் கர்த்தருடைய கை என்பேன் என்றேன். அதோடு விட்டேனா? "ராகேலம்மா, எழுந்து நில்லுங்க" என்றேன்.

அவர் எழுந்தார். சொன்னால் கேட்கிற பழக்கம், எழுந்துவிட்டார். சபை முழுவதும் திரும்பிப் பார்த்தது. கைதட்டினார்கள். பக்கத்தில் மகள் மடியில் இருந்த பாட்டுப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் உட்காரலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார், நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்குகிறவரை.

அன்று அசனத்தில் என்னை வேலை செய்ய விடவில்லை. முன் பந்தியில் உட்காரவைத்தார்கள். எனக்கு யார் பாயசம் ஊற்றினார்கள் என்று அன்றும் நான் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து லில்லி சொன்னாள்.

ராகேலம்மா சமையல் கூடத்துக்கு வந்து வழக்கம்போலப் பாயச வாளியைத் தூக்கியிருக்கிறார். சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தைச் சேர்ந்த இரண்டு பேர் ஓடிவந்து, நீங்க எவ்வளவோ உழைக்கிறீக, இன்னைக்கு உக்காருங்க, நாங்க பாத்துக்கிடுவோம் என்று கரண்டியைக் கையிலிருந்து வாங்கிவிட்டார்கள். சிரித்துக்கொண்டேதான் வாங்கினார்கள். காய் நறுக்கவும் விடவில்லை. அவர் கொஞ்ச நேரம் சுவரோரம் நின்றிருக்கிறார். பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு சாப்பிடாமல் போய்விட்டார். கோயிலில் இத்தனை வருடம் எல்லோருக்கும் அவர் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற ராகேலம்மா, அவ்வளவுதான். என்ன வேலை என்று யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. வருடம் முழுவதும் வாளி தூக்குகிற அவருக்கு, அந்த ஒரு இடத்தில் மட்டும்தான் வாளியில் பாயசம் இருந்தது.

"அவுக கையிலருந்து வாங்குனது நீங்கதாங்க. அந்தப் பொம்பளைக இல்ல" என்றாள் லில்லி. அதற்குமேல் என்னைத் திட்டவில்லை. பையைச் சுத்தம் செய்யத் தண்ணீர் விளாவிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள்.

இன்னும் முடியவில்லை. அடுத்த கமிட்டிக் கூட்டத்தில், கோயிலில் புதிதாகக் கட்டிய கழிப்பறைகளை யார் பார்த்துக்கொள்வது என்ற பேச்சு வந்தது. நம்ம ராகேலம்மாவையே கேட்கலாமே, அனுபவம் இருக்கிறது, நம்ம சபைக்காரருக்கும் ஒரு உதவியாக இருக்கும் என்றார் செயலர். நல்ல மனசோடுதான் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். வேண்டாம் என்றேன். ஏன், நீங்கதானே அன்றைக்கு அவ்வளவு புகழ்ந்தீர்கள் என்று கேட்டார்கள். அடுத்த விஷயத்துக்குப் போகலாம் என்றேன். விஷயம் ஒத்திவைக்கப்பட்டது, ஆனால் யாரோ அவரிடமே போய்க் கேட்டுவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது.

அதற்கடுத்த ஞாயிறு முதல் ஆராதனையில் அவரைக் காணவில்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. தாயும் மகளும் உட்காரும் இடம் காலியாக இருந்தது. வீட்டைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்கிறேன் என்று காரை எடுத்தேன். லில்லி சாவியை வாங்கிக்கொண்டாள். "அவுக தெருவுலயும் போயி நின்னு ஊரக் கூட்டப் போறீகளா?" என்றாள். அவள் மட்டும் ஒருநாள் சாயங்காலம் பஸ்ஸில் போய்விட்டு வந்தாள். என்ன பேசினார்கள் என்று கேட்டேன். பேசல, பூண்டு உரிச்சுக் குடுத்தேன், காப்பி குடுத்தாக, குடிச்சிட்டு வந்தேன் என்றாள். மறுவாரமும் போனாள். நான் செய்ததைத் தலைகீழாகச் செய்கிறாள் என்று புரிந்தது. எனக்கு அது வராது என்றும் புரிந்தது.

போன வாரம் இரண்டாவது ஆபரேஷனுக்கு முன் எடுக்க வேண்டிய டெஸ்ட்டுக்காகத் தேனிக்குப் போனேன். குடலைச் சேர்ப்பதற்கு முன்னால், இதுவரை சும்மா கிடந்த அடிக்குடலில் எங்கேயாவது ஒழுக்கோ அடைப்போ இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கீழ் வழியாக ஒரு மருந்துத் தண்ணீரை ஏற்றி, அது போகிற பாதையைப் படம் எடுப்பார்கள். எடுத்து முடித்து வராந்தாவில் ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கும்போது பை விட்டுக்கொண்டது. மேஜை மேல் புரட்டிப் புரட்டிப் படுக்கவைத்ததில் ஓரம் கிளம்பியிருக்க வேண்டும். சுற்றிலும் ஆட்கள். லில்லி எழுந்து யாரையோ தேடி ஓடினாள். வந்தவர் அவர்.

என்னைப் பார்த்ததும் ஒரு நொடி நின்றார். பிறகு தள்ளுவண்டியில் போர்த்தும் விரிப்பு ஒன்றை எடுத்து என் தோளிலிருந்து முழங்கால் வரை போர்த்தி, குளிருகிற நோயாளியை அழைத்துப் போகிறவர்போல நடத்திப் போனார். மூலையிலிருந்த கட்டிலில் படுக்கவைத்துத் திரையைச் சுற்றி இழுத்தார். துடைக்க ஆரம்பித்தார். முதல் நாள் துடைத்ததுபோலவே, கூடவும் இல்லை குறையவும் இல்லை.

நான் தயார் செய்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது. "மன்னிச்சிருங்கம்மா" என்றேன். "நல்லதுன்னு நெனச்சுத்தான் சொன்னேன்."

அவர் ஈரப் பஞ்சை வாளியில் போட்டார். உலர்ந்த துணியால் தோலை ஒற்றி எடுத்தார்.

"ஒங்களப் பத்தி நான் யார்ட்டயும் சொல்லலையேய்யா" என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் மெதுவாகத்தான் சொன்னார், திரைக்கு வெளியே கேட்டுவிடக் கூடாது என்பதுபோல. புதுப் பையை ஒட்டி, உள்ளங்கையை அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டு நின்றார். கைச்சூடு பட்டால்தான் பசை பிடிக்குமாம். திரைக்கு அந்தப் பக்கம் ஆட்கள் டோக்கன் நம்பர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் கை என் வயிற்றின்மேல் இருந்தது. நான் மறுபடியும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன்.

"பேசாதீகய்யா, வயிறு அசையுது" என்றார்.